எதுக்கு விட்டாங்க?

தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி வந்தபோது மூத்தவள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தின் இரைச்சலில் போன் அடித்தது முதலில் கேட்கவில்லை. கடைப் பையன் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் எடுத்தாள். அம்மா.

“உன் தம்பியை ஜீப்ல ஏத்திட்டுப் போயிட்டாங்களாம்டி.”

“எந்தத் தம்பியை?” என்று கேட்டாள். அவளுக்கு இருந்ததே ஒரு தம்பிதான்.

அம்மா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்பா கப்பலில் சமையல்காரர். எந்தக் கடலில் இருந்தாரோ, போன் கிடைக்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையின் கண்ணாடியை உடைத்து, இருந்ததை அள்ளிக்கொண்டு இரண்டு பையன்கள் ஓடியிருக்கிறார்கள். கடைக்காரர் பார்த்தது முதுகை மட்டும். ஒருத்தன் உயரம், கறுப்புச் சட்டை. தம்பிக்குப் பதினாறு வயது. வளர்ந்துகொண்டே போனதில் வீட்டின் கதவு நிலைகளெல்லாம் அவனுக்கு எதிரியாகிவிட்டன. வீட்டிலும் பள்ளியிலும் நெட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் டியூஷன் முடிந்து பாலத்தடியில் நடந்து வந்துகொண்டிருந்தான். கருநீலச் சட்டை. ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் ஓடினான். பிடித்தார்கள்.

“என்ன சார் பண்ணினான்?” என்று மூத்தவள் கேட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரிதான் பேசினார். குரலே உயரவில்லை. “அதைத்தாம்மா கேட்டுட்டு இருக்கோம். காலைல வாங்க.”

காலையில் போனார்கள். காத்திருந்தார்கள். மதியம் அவனை வெளியே அனுப்பினார்கள். “கூட்டிட்டுப் போங்க. கூப்பிட்டா வரணும்.” அவ்வளவுதான். அம்மா அவனை வெயிலில் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி, முதுகைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

“அடிச்சாங்களாடா?”

“இல்லம்மா.”

“சத்தியமா?”

“இல்லம்மா, அடிக்கல.”

வீடு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில். கீழே வந்து சேர்ந்தபோது வாசலில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். இவனைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று மூத்தவள் நினைத்தாள். இல்லை. இரண்டாவது மாடிப் பையனைக் காலையில் போலீஸ் வந்து கூட்டிப் போயிருந்தது. இழுபறியில் அவன் மூக்குக் கண்ணாடி படிக்கட்டில் விழுந்து மிதிபட்டிருந்தது. உடைந்த சில்லுகளை யாரோ துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த லென்ஸை மூத்தவள்தான் தேய்த்துக் கொடுத்திருந்தாள். பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி. அதனால் அவனுக்குப் பெயர் சோடாபுட்டி, சுருக்கமாகச் சோடா. ஒன்றாம் வகுப்பிலிருந்து நெட்டையனும் சோடாவும் ஒரே பெஞ்ச்.

நெட்டையன் அந்தச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரையும் பார்க்காமல் மேலே போனான்.

வந்துவிட்டானே, இனி என்ன என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். ஆனால் வந்தவன் முழுசாக வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் பைகளைக் காலி செய்தான். சில்லறை, பஸ் பாஸ், கைக்குட்டை, பேனா எல்லாவற்றையும் வாசலுக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்தான். பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தான். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை வெளியே போய் வரும்போதும் செய்தான். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டான். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் முழுப் பேர், அப்பா பேர், வீட்டு எண் என்று ஒப்பித்துவிட்டு, அப்புறம்தான் கூப்பிட்டது அக்கா என்று கவனிப்பான்.

“எல்லாம் என்னாலதான்” என்று அம்மா ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “சின்ன வயசுல சோறு ஊட்டறப்ப எல்லாம் நான்தானே சொல்லுவேன், சாப்பிடலேன்னா போலீஸ்காரன்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்னு. அந்தப் பயம்தான், ஜீப்பைப் பார்த்ததும் ஓடிட்டான்.”

“எல்லா அம்மாவும்தான் சொல்றாங்க. அதுக்காக ஊரே ஓடுதா?” என்றாள் மூத்தவள். ஆனாலும் அம்மா மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

சோடாவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மனைவி போன பிறகு பையனை ஒற்றை ஆளாக வளர்த்தவர். நெட்டையனைப் படிக்கட்டில் பார்த்தால் அண்ணாந்து, “மேல காத்து எப்படிப்பா இருக்கு?” என்று கேட்பார். தினமும் அதே கேள்விதான், தினமும் சிரிப்பார். அவர் ஒரு சாயங்காலம் நான்காவது மாடிக்கு வந்தார். கையில் கருவிப் பை. உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, சட்டையெல்லாம் கிரீஸ் என்று வாசலிலேயே நின்றார்.

“தம்பி, நீ வந்துட்டே. ரொம்ப சந்தோஷம். அவன் ஏன் இன்னும் வரல? உனக்கு ஏதாவது தெரியுமா? உள்ள பார்த்தியா அவனை?”

நெட்டையன் கூடத்தின் நடுவில் நின்றான். “இல்ல மாமா.”

“ரெண்டு பேரையும் ஒண்ணாத்தானே புடிச்சாங்க... இல்ல, உன்னை முந்தின நாளே. சரி. உன்னை விட்ட மாதிரி அவனையும் விட்டுடுவாங்க. இல்ல?”

“விட்டுடுவாங்க மாமா.”

“அவன்கிட்ட கண்ணாடிகூட இல்ல” என்றார் மெக்கானிக். அதை மூத்தவளைப் பார்த்துச் சொன்னார். “அது இல்லாம சுவரு எது, ஆளு எதுன்னு அவனுக்குத் தெரியாதேம்மா.”

அவர் போன பிறகு நெட்டையனைக் காணோம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சோடாவைச் சிறுவர் இல்லத்தில் வைத்திருந்தார்கள். வீட்டைச் சோதனை போட்டு, அலமாரியில் கிடந்த பழைய போன் ஒன்றையும் எடுத்துப் போனார்கள். அது மெக்கானிக்கின் சொந்தப் போன். பில் எப்போதோ போய்விட்டது. வாரங்கள் போயின. மூத்தவள் புதிதாக ஒரு கண்ணாடி செய்து கொடுத்தாள். அதை உள்ளே அனுமதிக்கவில்லை. குத்திக்கொள்வானாம்.

அந்த நாட்களில்தான் லிஃப்டுக்கு என்னவோ ஆனது. ஏறினாலும் இறங்கினாலும் இரண்டாவது மாடியில் நின்றது. யாரும் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். கதவு தானாகத் திறக்கும். எதிரே காலியான நடைபாதை, மூடிய ஒரு கதவு, கதவருகே ஒரு ஜோடி பெரிய செருப்பு, ஒரு ஜோடி சின்னச் செருப்பு. கொஞ்ச நேரம் அப்படியே திறந்து கிடக்கும். யாரோ ஏறுவதற்காகக் காத்திருப்பதுபோல. பிறகு மூடிக்கொண்டு நகரும். மூன்றாவது மாடி டீச்சர், “இதுக்கு என்ன, பேய் புடிச்சிருக்கா?” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். லிஃப்டில் இருந்த யாரும் சிரிக்கவில்லை.

நெட்டையன் லிஃப்டில் ஏறியதும் முகத்தைப் பின்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பதை மூத்தவள் கவனித்தாள். இரண்டாவது மாடியில் கதவு திறக்கும் நேரமெல்லாம் அவன் மூச்சு விடவில்லை.

மெக்கானிக் ஒரு வக்கீலைப் பிடித்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. ஓயாத இருமல், பை நிறைய இருமல் மிட்டாய். அந்த வக்கீலம்மா ஒருநாள் மத்தியானம் கண்ணாடிக் கடைக்கே வந்தாள். பின்னறையில் லென்ஸ் தூசு படிந்த ஸ்டூலைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

“அந்தப் பையனை எதுக்குப் புடிச்சீங்கன்னு கேட்டா, நம்பகமான தகவல் கிடைச்சுதுங்கிறாங்க. யார் குடுத்ததுன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. அது கெடக்கட்டும். உங்க தம்பியை எதுக்குப் புடிச்சாங்க?”

“உயரமா இருந்தான். ஓடினான்.”

“அது சந்தேகம். சந்தேகம் யாருக்கு வேணா வரும், என் மாமியாருக்கு என் மேல தினமும் வருது. கைது பண்ணக் காரணம் வேணும். அந்தக் காரணம் புடிக்கிறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும். புடிச்சு உக்கார வச்சுட்டு அப்புறம் தேடக் கூடாது.” மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். “சரி. அப்போ எதுக்கு விட்டாங்க?”

“என்ன?”

“உங்க தம்பியை. எதுக்கு விட்டாங்க? கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டல. போன் எதுவும் கிடைக்கல. உண்மையாத் திருடினவன் யாரும் மாட்டல. ராத்திரி பூரா வச்சிருந்தவங்க, மத்தியானம் திடீர்னு எதுக்கு விட்டாங்க?”

மூத்தவள் கையில் ஒரு ஃப்ரேம் இருந்தது. அதன் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். முடுக்க இடமில்லாமல் போன பிறகும் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுப் பாருங்க” என்று வக்கீலம்மா எழுந்தாள். அவளுக்கு விடை தெரிந்திருந்தது என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

கேட்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. எல்லோரும் எதுக்குப் பிடித்தார்கள் என்றே கேட்டார்கள், அவளும்தான். விட்டதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றித்தான் அந்தத் துணிகளை அப்படி மடிக்கிறாளா?

நெட்டையன் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் அவன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

“எதுக்குடா உன்னை விட்டாங்க?”

அவன் தட்டை அடுப்பு மேடையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். நெடுநேரமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

“என்னை அடிக்கவே இல்லக்கா” என்றான். “அடிச்சிருந்தா பரவால்ல. அந்த சப்-இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் குடுத்தாரு, பன் குடுத்தாரு. நீ நல்ல பையன்னு பார்த்தாலே தெரியுது, உன்கூட யார் இருந்தான்னு மட்டும் சொல்லு, வீட்டுக்குப் போயிடலாம்னாரு. யாரும் இல்ல சார்னேன். சரி, யோசிச்சு வைன்னுட்டுப் போயிடுவாரு. பக்கத்து ரூம்ல யாரோ கத்துவாங்க. அந்தச் சத்தம் நின்னதும் இவரு வருவாரு. சாப்டியாம்பாரு. யோசிச்சியாம்பாரு. கோவமே படல. அப்படியே போச்சு. விடியற நேரத்துல ஒரு பேரைச் சொல்லிட்டா தூங்கலாம்னு தோணுச்சு.”

“அவன் பேரைச் சொன்னியா?”

அவன் தலையாட்டினான்.

“அவன் உன்கூட இருந்தானா? நீங்க ரெண்டு பேரும்...”

“இல்லக்கா! நானும் இல்ல, அவனும் இல்ல. அவன் அன்னிக்குக் காய்ச்சல்னு டியூஷனுக்கே வரல.”

அம்மா எப்போது வந்து கதவருகே நின்றாள் என்று தெரியவில்லை. சீருடையில் சலவைச் சோடாவின் வாசனை. “இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்றாள். “ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. அந்த மனுஷன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? கோர்ட்ல அவங்களே விட்டுடுவாங்க. எப்படியும் விட்டுடுவாங்க.”

வக்கீலம்மா அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் மூத்தவள் போனில் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் ஒரு மிட்டாய்த் தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இருமினாள். “அந்தப் பையனைப் புடிக்க அவங்ககிட்ட இருக்கிற ஒரே காரணம் உங்க தம்பி சொன்ன பேரு. உங்க தம்பியைப் புடிக்கவே காரணம் இல்லேன்னு ஆயிட்டா, அங்கேருந்து வந்ததுக்கும் மதிப்பு இல்ல. முதல் செங்கல்லை உருவினா மேல இருக்கிறது தன்னால விழும். ஆனா உருவறது உங்க தம்பியாத்தான் இருக்கணும். எல்லார் முன்னாடியும் நின்னு.”

அன்று சாயங்காலம் மூத்தவளும் நெட்டையனும் மளிகை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்கள். வழக்கம்போல் இரண்டாவது மாடியில் நின்றது. வழக்கம்போல் நெட்டையன் பின்சுவரைப் பார்த்துத் திரும்பினான். ஆனால் இந்தத் தடவை நடைபாதை காலியாக இல்லை. மெக்கானிக் வாசலில் ஒரு நாற்காலி போட்டு லிஃப்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து, பிடிபட்டவர் மாதிரி தடுமாறினார்.

“எல்லாரும் என்னைத் திட்டறாங்க, தெரியும்” என்றார். “நான்தாம்மா இப்படி வச்சிருக்கேன். எந்தப் பக்கம் போனாலும் இங்க நிக்கற மாதிரி. கண்ணாடி இல்லாம பையன் வந்தா, நம்பர் தெரியாம எங்கயாவது மேல போயிட்டான்னா? கதவு திறந்ததும் செருப்பு வாசனையை வச்சாவது கண்டுபிடிப்பான்.” அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நெட்டையன் திரும்பினான்.

“மாமா, நான்தான் அவன் பேரைச் சொன்னேன்.”

கதவு மூடப் போனது. மெக்கானிக் பழக்கத்தில் கையை நீட்டித் தடுத்தார். கதவு கையில் பட்டுப் பின்வாங்கியது.

“ஸ்டேஷன்ல. யார்கூட இருந்தேன்னு கேட்டாங்க. அவன்கூடன்னு சொன்னேன். பொய்தான் மாமா. அவனை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். என்னை விட்டுட்டாங்க.”

மூத்தவள் கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் அறைந்தால் தடுக்கக் கூடாது என்று நினைத்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

மெக்கானிக் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கதவு மறுபடி மூட வந்தது, மறுபடி தடுத்தார். பிறகு உள்ளே கையை விட்டு நான்காம் எண்ணை அழுத்தினார். “போங்க” என்றார், யாரிடமோ பேசுவதுபோல. “நாலாவது மாடிதானே.” கையை எடுத்தார். கதவு மூடியது.

விசாரணை நாளில் அறை நிறைந்திருந்தது. உயரத்தில் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றியது. சோடாவைக் கூட்டிவந்து ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாத அவன் முகம் யாரோ துடைத்துவிட்ட கரும்பலகைபோல் இருந்தது. சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பிக் கண்ணைச் சுருக்கினான்.

முதலில் சப்-இன்ஸ்பெக்டர். அதே தணிந்த குரல். அந்த மாதத்தில் ஏழு கடைகள் உடைபட்டிருந்தன, மேலிடத்தில் நெருக்கடி, தன் கடமையைத்தான் செய்தேன் என்றார். அதில் பொய் இருப்பதாக மூத்தவளுக்குத் தோன்றவில்லை.

“கடைக்காரர் என்ன அடையாளம் சொன்னாரு?” என்று வக்கீலம்மா கேட்டாள்.

“உயரமான பையன். கறுப்புச் சட்டை.”

“புடிச்ச பையன் போட்டிருந்தது?”

“கருநீலம். சாயங்கால வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணுதான்.”

“கையில போன் இருந்ததா? கண்ணாடி கிழிச்ச காயம் ஏதாவது?”

“இல்ல. ஆனா எங்களைப் பார்த்ததும் ஓடினான்.”

“எத்தனை பேர் இறங்கினீங்க ஜீப்லேருந்து?”

“மூணு பேர்.”

“கையில?”

“லத்தி.”

“மூணு பேர் லத்தியோட குதிச்சா, நின்னு சௌக்கியமான்னு விசாரிப்பானா சார்?”

நீதிபதி பேனாவால் மேசையைத் தட்டினார். வக்கீலம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இருமிவிட்டு, உட்கார்ந்தாள்.

பிறகு நெட்டையன். கூண்டு அவன் இடுப்புக்குக் கீழே நின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நடந்ததைச் சொன்னான். டீ, பன், பக்கத்து அறைச் சத்தம், விடியல். அம்மா மூத்தவளின் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகுவதை வைத்தே அவன் சொல்வதில் எந்த இடத்துக்கு வந்திருக்கிறான் என்பது தெரிந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். “சரிப்பா. யாரும் உன்னை அடிக்கல. ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பையன் பேரை மட்டும் சொன்னே. அவன் திருடினது உனக்குத் தெரிஞ்சதாலதானே?”

“இல்ல சார்.”

“பின்ன எதுக்கு அந்தப் பேரு?”

நெட்டையன் வாயைத் திறந்தான். மூடினான். நீதிபதி, “அவசரம் இல்ல, மெதுவாச் சொல்லு” என்றார்.

“முதல்ல வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னேன் சார். அவன் அப்பா பேரு என்ன, எந்தத் தெரு, வீட்டு நம்பர் என்னன்னு கேட்டாங்க. தெரியல. பொய் சொல்றேன்னாங்க. அப்புறம்...” அவன் குரல் மிகவும் தணிந்துவிட்டது. “அப்பா பேரு, வீட்டு நம்பர், பொறந்த தேதி, எல்லாம் எனக்குத் தப்பில்லாமத் தெரிஞ்சது இவனோடது மட்டும்தான்.”

கடகடவென்று மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஓரத்து நாற்காலியில் சோடா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பார்த்துப் படிக்க முயல்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பைப் படித்தார். ஓடினான் என்பது அவன் பயந்தான் என்பதைக் காட்டுமே தவிர, திருடினான் என்பதைக் காட்டாது. உயரமும் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்த நிறமும் யாரையும் கைது செய்யப் போதுமான காரணங்கள் அல்ல. காரணமில்லாமல் பிடித்து, பெற்றவரைப் பக்கத்தில் விடாமல் இரவெல்லாம் வைத்திருந்து, ஒரு சிறுவனிடமிருந்து வாங்கிய பேரை நம்பகமான தகவல் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டாவது கைதுக்கும் காரணம் இல்லை. பையனை உடனே விட வேண்டும்.

வக்கீலம்மா பையிலிருந்த மிட்டாய்களை எல்லோருக்கும் கொடுத்தாள். மெக்கானிக் வாங்கிக்கொள்ளவில்லை. மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்வையில்லாதவரை நடத்துவதுபோல் ஒவ்வொரு படியாகச் சொல்லி இறக்கிக்கொண்டு போனார். இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

தாழ்வாரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் எதிரே வந்தார். நெட்டையனைப் பார்த்து நின்றார். “சாப்டியா தம்பி?” என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

நெட்டையன் பைக்குள் கையை விட்டான். சில்லறையை எடுத்தான். குனிந்து தரையில் வைத்தான். பஸ் பாஸை எடுத்தான். மூத்தவள் அவன் கையைப் பிடித்து நிமிர்த்துவதற்குள் கைக்குட்டையும் தரைக்குப் போயிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். அம்மா உட்கார்ந்து அந்தச் சில்லறையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

சோடா வீட்டுக்கு வந்த அன்றே லிஃப்ட் இரண்டாவது மாடியில் நிற்பதை விட்டுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. நெட்டையனுக்கு இல்லை. இப்போது லிஃப்ட் அந்த மாடியைக் கடந்து போகும்போது அவன் கதவைப் பார்த்து நின்றான். அது நிற்காமல் போவதைப் பார்த்தான்.

“போய் அவனைப் பார்த்துட்டு வாடா” என்று அம்மாவே சொன்னாள்.

“பார்த்து?”

அம்மா மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சோடா கண்ணாடிக் கடைக்கு வந்தான். தனியாகத்தான் வந்தான். மூத்தவள் செய்து வைத்திருந்ததைப் போட்டுக்கொண்டிருந்தான். அது ஒரு பக்கம் சரிந்திருந்தது. முன்பைவிட முகம் இளைத்திருந்ததுதான் காரணம். காதுக்குப் பின்னால் கண்ணாடியின் தண்டை வளைப்பதற்காக அவள் கையைக் கொண்டுபோனாள். அவன் தலை வெடுக்கென்று பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“சாரிக்கா.”

“பரவால்லடா. நீயே கழட்டிக் குடு.”

கழற்றிக் கொடுத்தான். அவள் தண்டைச் சூடுகாட்டி வளைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவன் அவளையும் அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அங்க இருந்தப்ப யார் மூஞ்சியும் எனக்குத் தெரியலக்கா” என்றான், கேட்காமலே. “குரல் மட்டும்தான். இப்பவும் ரோட்ல யாராவது பேசினா, இவன் அங்க இருந்தவனோன்னு தோணுது. மூஞ்சியை வச்சு இல்லேன்னு சொல்லவும் முடியல.”

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். “அவன் உன்னைப் பார்க்கணும்னு இருக்கான். வரப் பயப்படறான்.”

சோடா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டான். இப்போது நேராக நின்றது.

“கோர்ட்ல அவன் நின்னது எனக்கு ஒரு நெட்டைக் கோடு மாதிரிதான் தெரிஞ்சுது” என்றான். உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. “அந்த ஃபேன் சத்தத்துல அவன் பேசினதும் முழுசாக் கேக்கல. என்கிட்ட வந்து திரும்பச் சொல்லச் சொல்லுங்க.”

அவள் சொன்னதைக் கேட்டு நெட்டையன் நெடுநேரம் ஜன்னலருகே நின்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, “நீயும் வாக்கா” என்றான். லிஃப்டில் போகாமல் படியிறங்கினார்கள். இரண்டாவது மாடியில் அவன் கதவைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கி, அப்படியே வைத்திருந்தான். அவள்தான் தட்டினாள்.

மெக்கானிக் திறந்தார். அவனை அண்ணாந்து பார்த்தார். காற்று எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கதவை விட்டு ஒரு ஆள் போகும் அளவுக்கு மட்டும் விலகினார். நெட்டையன் குனிந்து நுழைந்தான். அவர் வெளியே வந்து, மகனின் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூத்தவள் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். மேலே யாரோ குக்கர் மூடியைத் தேடித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அறையிலிருந்து வெகுநேரம் சத்தமே வரவில்லை. பிறகு நெட்டையனின் குரல் கேட்டது. எழுந்து நின்று சொல்கிற குரல். சோடாவின் முழுப் பேர். அப்பா பேர். வீட்டு எண். பிறந்த தேதி. ஒவ்வொன்றாக, தப்பில்லாமல்.

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே சோடாவின் குரல், “ம். அப்புறம்?” என்றது.